இரண்டு மாத மனுஷன்

ஜனவரி முதல் தேதி காலையில் கலைவாணி குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தபோது எத்திராஜ் அடுப்படியில் நின்று ரவை வறுத்துக்கொண்டிருந்தான். கறுப்பு வேட்டி, தோளில் கறுப்புத் துண்டு, கழுத்தில் துளசிமணி மாலை, நெற்றிச் சந்தனம் இன்னும் காயவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்து, பூஜை முடித்து, வீட்டைத் துடைத்து, கீழே போய்க் குடிதண்ணீர்க் குடங்களைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்திருந்தான். "நெய்யி எங்க கீது சாமி?" என்று அவளைப் பார்த்துக் கேட்டான். அவள் எடுத்துக் கொடுத்தாள். வாங்கும்போது அவள் விரல் தன் மேல் படாமல் கிண்ணத்தின் விளிம்பைப் பிடித்து வாங்கினான். கீழே தெருவில், கலர்ப்பொடியில் போட்ட புது வருஷக் கோலத்தின் மேல் தண்ணீர் லாரிக்காரன் டயரை ஏற்றிவிட்டான் என்று யாரோ ஒரு பெண் கத்திக்கொண்டிருந்தாள். மண்ணூர்பேட்டையில் எல்லா வருஷமும் இப்படித்தான் பிறந்தது.

கார்த்திகை முதல் தேதி மாலை போட்டால் தை பிறந்து மலையிலிருந்து இறங்கும்வரை எத்திராஜ் வேறு மனுஷன். அந்த இரண்டு மாதமும் அவன் குடிப்பதில்லை, கறி தின்பதில்லை, செருப்புப் போடுவதில்லை, குரலை உயர்த்துவதில்லை. தான் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவுவான். வாயில் கெட்ட வார்த்தை வராது. ஒழுகிக்கொண்டே இருந்த குழாயும், கதவில் ஆடிக்கொண்டிருந்த தாழ்ப்பாளும் அந்த மாதங்களில்தான் சரியாகும். லேத்துப் பட்டறையில் ஒரு நாள்கூட லீவு எடுக்க மாட்டான். மகள் ஜோதிகா வேலை முடிந்து வர நேரமானால் பஸ் ஸ்டாப்பில் போய் நிற்பான். தெருவே அவனைத் தங்கமான மனுஷன் என்று சொல்லும். சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. மற்றப் பத்து மாதமும் அவன் சத்தத்தைக் கேட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டவர்களும் அவர்கள்தான்.

கல்யாணமான புதிதில் கலைவாணி இந்த இரண்டு மாதத்துக்காக வருஷம் முழுக்கக் காத்திருப்பாள். ஐப்பசி மழை தொடங்கியதுமே அவளுக்குள் ஒரு குதூகலம் வந்துவிடும். கறுப்பு வேட்டியைப் பெட்டியிலிருந்து எடுத்துத் துவைத்துக் காயப்போடுவாள். நன்றாக இருக்கும் நாட்களைப் பார்த்துப் பார்த்துச் செலவழிப்பாள். போகப் போக அந்தக் குதூகலத்தோடு ஒரு கசப்பும் சேர்ந்து வந்தது. மார்கழியில் அவன் சிரித்துப் பேசினால், தை மாதம் இந்த வாய் எப்படிப் பேசும் என்று தோன்றும். கடைசியில் கசப்பு மட்டும் மிஞ்சியது. இப்போதெல்லாம் அந்த நல்ல மனுஷன் வீட்டுக்குள் நடமாடும்போது, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் விருந்தாளியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். எப்போது கிளம்புவான் என்று தெரிந்த விருந்தாளி.

ஒவ்வொரு ஜனவரி முதல் தேதியும் அவன் சாமி படத்துக்கு முன் நின்று ஒரு தீர்மானம் செய்வான். வார்த்தைதான் வருஷத்துக்கு வருஷம் கொஞ்சம் மாறும். நாள் கிழமையில் மட்டும்தான் இனி. கடைக்குப் போக மாட்டேன், வீட்டிலேயே கொஞ்சமாக. ஜோதிகா தலையில் கைவைத்து, இனி தொடவே மாட்டேன். சொல்லும்போது அவன் கண் கலங்கியிருக்கும். மனதாரத்தான் சொன்னான். பொய் சொல்பவனாக இருந்திருந்தால் எப்போதோ வெறுத்துத் தொலைத்திருக்கலாம். அவளும்தான் வருஷா வருஷம் தீர்மானம் செய்தாள். இந்த வருஷம் எதிர்த்துப் பேசக் கூடாது. அவன் வருவதற்குள் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுத் தூங்கிவிட வேண்டும். அவன் திருந்தச் செவ்வாய்க்கிழமை விரதம் இருக்க வேண்டும். அவன் தீர்மானமும் அவனைப் பற்றியது, அவள் தீர்மானமும் அவனைப் பற்றியது.

போன வருஷத் தீர்மானம் மாசி மாதத்தைத் தாண்டவில்லை. குடித்துவிட்டு வந்து, கதவை அறைந்து சாத்திக்கொண்டு மறுபடி வெளியே போகப் பார்த்தவனை உள்ளே இழுக்கப் போனபோது அவளுடைய இடதுகைக் கட்டைவிரல் நிலைக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எலும்பு கூடிவிட்டது. ஆனால் விரல் பழையபடி மடங்கவில்லை. பக்கத்து இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், சட்டை தைக்கும் எக்ஸ்போர்ட் கம்பெனியில் அவள் காலர் தைக்கிறவள். காலர் தைப்பது லேசில்லை. ஊசி ஓடுகிற வேகத்துக்கு இடதுகை துணியைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். சூப்பர்வைசர் இரண்டு வாரம் பார்த்தார். பிறகு மிஷினிலிருந்து எழுப்பி, தைத்து முடித்த சட்டைகளில் நூல் பிசிறு வெட்டும் மேஜைக்கு அனுப்பிவிட்டார். கம்பெனியில் புதிதாகச் சேரும் பெண்கள் நிற்கிற மேஜை அது. எத்திராஜுக்கு அந்த இரவைப் பற்றி எதுவும் நினைவில்லை. கட்டுப் போட்ட விரலைப் பார்த்து, "இன்னாச்சி கை?" என்று மறுநாள் கேட்டான். அவள் சொன்னதும் தலையில் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அன்றைக்கும் பொழுது சாய்ந்ததும் கடைக்குப் போனான்.

முந்தின நாள், டிசம்பர் கடைசி நாள் சாயங்காலம், கலைவாணி மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது ஜோதிகா மேலே வந்தாள். பூந்தமல்லியில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு.

"எங்க சென்டர்ல இன்னிக்கு கேக்கு வெட்னாங்கமா. புது வருசத்துல இன்னா செய்யப் போறோம்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லணும்னாங்க. நான் வெயிட் கொறைக்கப் போறேன்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க."

கலைவாணியும் சிரித்தாள். "நீயே குச்சி மாதிரி கீற."

"அதான் சிரிச்சாங்க." ஜோதிகா கொடியிலிருந்த கறுப்பு வேட்டியை எடுத்து மடித்தாள். "மனசுல இருந்தது வேற. ஆஸ்டல்ல எடம் கேட்டு வெச்சிட்டேன்மா. அப்பா மலைலேர்ந்து எறங்கறதுக்குள்ள போய்டுவேன்."

கலைவாணி கையிலிருந்த துணியை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, பல வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிவந்ததைச் சொன்னாள். "அவரு வேணும்னா பண்றாரு? அது நோயிடி. குடிய நிறுத்த வெச்ச கேம்புல டாக்டரே சொன்னாரே. கையி நடுங்குது, ஒடம்பு கேக்குது."

"நோயா?" ஜோதிகா குரலை உயர்த்தவில்லை. "காலண்டர்ல கார்த்திக மாசம் பாத்து நின்னுபோற நோயி எதையும் எங்க லேப்ல நான் பாத்ததில்லமா."

அவள் மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். கலைவாணி தண்ணீர்த் தொட்டி ஓரமாகக் குந்திவிட்டாள். கீழே வீட்டில் எத்திராஜ் சாயங்காலப் பூஜைக்கு மணி அடித்தான். அவனால் முடியாது என்பதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இத்தனை வருஷம் ஓட்டியிருந்தாள். பாவம், முடியவில்லை, என்ன செய்வான். அந்த மணிச்சத்தத்தைக் கேட்கக் கேட்க, வருஷா வருஷம் அவன் தன் கண் முன்னாலேயே முடியும் என்று நிரூபித்துவந்ததை எப்படிக் கவனிக்காமல் இருந்தோம் என்று ஆத்திரமாக வந்தது. சாமிதான் அந்த இரண்டு மாதம் அவனைப் பிடித்துவைத்திருக்கிறார் என்றால், தை மாதம் ஏன் கையை விடுகிறார்? அவனேதான் பிடித்துக்கொள்கிறான் என்றால், மாசி மாதம் என் விரலுக்காக அவனால் பிடித்துக்கொள்ள முடியவில்லையா? அவளுக்கு இரண்டில் எது என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அதில் தனக்கு இடமில்லை என்பது மட்டும் தெரிந்தது.

இறங்கி வருவதற்கு முன்பு சரசாவுக்குப் போன் செய்தாள். சரசா பிசிறு மேஜையில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள், புருஷன் இல்லாதவள். திருமுல்லைவாயலில் அவள் இருக்கும் காம்பவுண்டில் ஓர் அறை காலியாக இருப்பதாகப் போன வாரம் சொல்லியிருந்தாள். "அந்த ரூமு எனக்குத்தான்னு சொல்லி வெய்யி" என்றாள் கலைவாணி.

ஆஸ்டல் வேண்டாம், தன்னோடு வந்துவிடு என்று ஜோதிகாவிடம் அன்று ராத்திரியே சொன்னாள். அப்படித்தான் புது வருஷம் பிறந்திருந்தது. அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில் பூஜை. அவனோடு மலைக்குப் போகும் குழுவில் இருக்கும் சாமிமார் எல்லோரும் வந்தார்கள். குருசாமி சம்பந்தம் ரிட்டயர் ஆன ஃபிட்டர். மண்ணூர்பேட்டையிலிருந்து மலைக்குப் போகிற பாதிப் பேருக்கு அவர்தான் மாலை போட்டுவிடுபவர். பஜனை முடிந்து தீபாராதனை காட்டிய பிறகு அவர் எத்திராஜைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "இந்தச் சாமி மாதிரி வெரதம் இருக்கற சாமி நம்ம குரூப்புல இன்னொண்ணு இல்ல. இன்னா சாமி, புது வருசம் அதுவுமா ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார்.

எத்திராஜ் கைகூப்பிக்கொண்டு எழுந்தான். "இந்தத் தபா மாலையக் கழட்டினாலும் கழட்டாத மாதிரியேதான் இருப்பேன் சாமி. இது சத்தியம்." அவன் குரல் உடைந்தது. எல்லோரும் சரணம் சொன்னார்கள். கீழ்வீட்டுப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜோதிகா பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கலைவாணியம்மா இன்னா வேண்டிகினாங்க?" என்று சம்பந்தம் அடுப்படிப் பக்கம் திரும்பிச் சிரித்தார்.

"நல்லதே நடக்கணும் சாமி" என்றாள் அவள்.

எல்லோரும் போன பிறகு பின்பக்கம் குழாயடியில் பெரிய பாத்திரங்களைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். எத்திராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து சாம்பார் அண்டாவை இழுத்துத் தேய்க்க ஆரம்பித்தான். கட்டைவிரல் மடங்காமல் அவள் தேங்காய் நாரைப் பிடிக்கும் விதத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க விடுங்க சாமி, நான் தேய்க்கிறேன்" என்றான். வெயில் இதமாக இருந்தது. எங்கேயோ ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இப்படியே இருந்துவிடலாமே என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகவே அவசரமாகப் பேசினாள்.

"சாமி, நான் ஊடு பாத்துட்டேன். திருமுல்லைவாயல்ல. நானும் ஜோதியும் போறோம்."

அவன் அண்டாவிலிருந்து கையை எடுக்கவில்லை. புரியாதவனைப்போல் பார்த்தான். "எங்க போறீங்க? எதுக்கு?"

"எதுக்குன்னு உனக்குத் தெரியாதா?" மாலை போட்டவனை 'நீ' என்று சொல்லிவிட்டது அவளுக்கே உறைத்தது. திருத்திக்கொள்ளவில்லை.

"இப்ப சொல்றியே." அவனும் 'நீ'க்கு வந்துவிட்டான். "நான் நல்லா கீறப்ப சொல்றியே கலை."

"நீ நல்லா கீறப்பதான் சொல்ல முடியும். மத்த நாள்ல சொன்னா நான் உசுரோட வெளிய போவ முடியுமா?"

"இப்பத்தான அத்தினி பேரு முன்னாடி சத்தியம் பண்ணேன். இந்தத் தபா நிறுத்திருவேன். மெய்யாலுமே நிறுத்திருவேன்."

"நிறுத்துவ. அது எனக்குத் தெரியும். உன்னால முடியாதுன்னு நெனச்சிகினுதான் இத்தினி வருசம் கெடந்தேன். முடியாதவன்கிட்ட இன்னாத்த கேக்கறதுன்னு. உன்னால முடியுதேய்யா. சாமிக்குன்னா முடியுது. எனக்குன்னா முடியல. அதான் எனக்கு ஆறல."

அவன் முகம் ஒரு நொடி பழைய முகமாக மாறியது. கழுத்து நரம்பு புடைத்தது. ஈரக்கை மாலைக்குப் போய் அதைப் பற்றிக்கொண்டது. பிறகு முகம் தளர்ந்து, அழ ஆரம்பித்தான். சாம்பல் கையோடு கண்ணைத் துடைத்ததில் நெற்றிச் சந்தனமெல்லாம் கலைந்துபோனது. கலைவாணி பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபம் வந்து அதை அவன் நிறுத்தியதையும் அவள் பார்த்துவிட்டாள். அதுவும் முடிகிறது.

மறுநாள் சம்பந்தம் வந்தார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் பேசினார். நியாயமான மனுஷர்தான். "உன் கஷ்டம் எனக்குத் தெரியாதாம்மா? ஆனா வெரதத்துல கீறப்ப ஊட்ட உட்டுப் போனா நல்லதில்ல. மலைக்குப் போன ஆளு திரும்பி வர்ற வரைக்கும் ஊட்ல வெளக்கு எரியணும். அது நீ ஏத்தற வெளக்கு. காட்டுல நடந்து போறாங்க, ஏதோ ஒண்ணு ஆச்சின்னா…" அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இல்லை. மலையில் அவன் கால் இடறினாலும் தெரு தன்னைத்தான் கைகாட்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"வர்ற வரைக்கும் வெளக்கு ஏத்தறேன்" என்றாள். "அப்பால இருக்க மாட்டேன்."

"மனசு மாறும்மா" என்றார் சம்பந்தம் எழுந்துகொண்டே.

இருமுடி கட்டும் நாளில் அவள் மனைவி செய்யவேண்டிய எல்லாவற்றையும் செய்தாள். மூன்று முறை அரிசி அள்ளிப் பையில் போட்டாள். எத்திராஜ் இருமுடியைத் தலையில் ஏற்றிக்கொண்டு வாசலில் தேங்காய் உடைத்தான். அப்படிக் கிளம்பினவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. படி இறங்கும்போது அவன் கழுத்து லேசாக அசைந்தது. திரும்பிவிடுவானோ என்று அவள் பயந்தாள். திரும்பவில்லை. வேன் எஸ்டேட் ரோட்டில் வளைந்து மறைந்ததும் ஜோதிகா உள்ளே போய்த் தன் புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தாள்.

கொஞ்சம் கொஞ்சமாகப் பாத்திரமும் துணிமணியும் திருமுல்லைவாயலுக்குப் போயின. காலையிலும் சாயங்காலமும் கலைவாணி மட்டும் மண்ணூர்பேட்டைக்கு வந்து, காலியாகிக்கொண்டே போகிற வீட்டில் விளக்கேற்றினாள். மலையில் மகரஜோதி தெரிகிற அன்று திருமுல்லைவாயல் காம்பவுண்டில் எல்லா வீட்டு டிவியிலிருந்தும் சரண கோஷம் கேட்டது. சரசா கூப்பிட்டும் அவள் போகவில்லை. பொங்கலுக்குப் புது அறையில் ஒரு சின்னப் பாத்திரத்தில் பால் பொங்கியது. ஜோதிகா, "இது நம்ம ஊடு இல்ல?" என்று சும்மா ஒரு தடவை கேட்டாள். குழு திரும்பி வருகிற அன்று காலை மண்ணூர்பேட்டை வீட்டில் விளக்கை நிறைய எண்ணெய் ஊற்றி ஏற்றிவைத்துவிட்டு, சாவியைக் கீழ்வீட்டில் கொடுத்தாள். கீழ்வீட்டுப் பெண் சாவியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

அன்று முழுக்கப் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் கழித்துச் சம்பந்தம்தான் பேசினார். எத்திராஜ் மாலையைக் கழற்ற மறுத்துவிட்டானாம். கழற்றுவதற்காக உட்காரவைத்தபோது எழுந்து போய்விட்டானாம். "இந்த மாதிரி நான் பாத்ததில்லம்மா. ஐதீகமும் இல்ல. ஆனா கழட்டு கழட்டுன்னு நான் எப்புடிச் சொல்ல?" அவர் குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்ததுபோல் கலைவாணிக்குத் தோன்றியது.

தை முடிந்தது. அவன் கழற்றவில்லை. வேலைக்குப் போகிறான், தானே சமைத்துச் சாப்பிடுகிறான், கடைப் பக்கமே போவதில்லை என்று ஆள் ஆளுக்கு வந்து சொன்னார்கள். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார்கள். பத்து மாதம் அடி வாங்கியபோது யாரும் இத்தனை தூரம் வந்து எதுவும் கேட்டதில்லை. பிசிறு மேஜையில் கத்தரிக்கோலோடு நிற்கும்போது பின்னால் அவளைப் பற்றிப் பேச்சு நடந்தது. கட்டியவன் சாமியாராகிவிட்டானாம், இவளுக்கு மனசே இளகவில்லையாம். ஒருநாள் சரசாவே, "பாவம்டி அந்தாளு. நீதான் எறங்கி வாயேன். இன்னும் இன்னாத்ததான் செய்யணும்?" என்றாள். அறை பார்த்துக் கொடுத்தவள் அவள். கலைவாணி ஒரு சட்டையின் காலரைத் திருப்பி அதன் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோணலாகப் போயிருந்தது. தைத்தது யாரோ புதுப்பெண்.

இரவில் படுத்துக்கொண்டு யோசிப்பாள். இதைத்தானே கேட்டோம்? எனக்காக ஒருமுறை பிடித்துக்கொள் என்றுதானே? இதோ பிடித்துக்கொண்டிருக்கிறான். ஆனால் அதைச் செய்த விதம் அவளுக்கு உறுத்தியது. அவன் குடிக்காமல் இருக்கும் ஒவ்வொரு நாளும் அவள் மேல் ஏறிக்கொண்டே போனது. அவன் குடித்தால் அதுவும் அவள் மேல்தான் ஏறும்.

மாசி மாதம் ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்தபோது, எதிர்ப்பக்கம் பஸ் ஸ்டாப்பில் அவன் நின்றுகொண்டிருந்தான். வேட்டியின் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகியிருந்தது. தாடி அடர்ந்து கழுத்தை மறைத்தது. இளைத்துவிட்டான். வெறுங்கால் புழுதியேறி வெடித்திருந்தது. சீசன் முடிந்து எல்லோரும் பேண்ட் சட்டைக்கு வந்துவிட்ட கூட்டத்தில் அவன் மட்டும் தனியாகத் தெரிந்தான். கூட வந்த பெண்கள் நடையை மெதுவாக்கினார்கள். கலைவாணி ரோட்டைக் கடந்து போனாள்.

"ஜோதி எப்புடி கீது?" என்றான்.

"நல்லா கீறா. நீ துன்னியா?"

"நானே பொங்கிக்கிறேன்."

"எப்பதான் இதக் கழட்டப் போற?" என்று கேட்டாள். "ஊரெல்லாம் என்னக் காறித் துப்புது. அதுக்குத்தான இத மாட்டிகினு திரியற?"

அவன் தலையாட்டி மறுத்தான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, யாருக்கும் கேட்கக் கூடாது என்பதுபோல் குனிந்து சொன்னான். "கழட்னா அன்னிக்கே கடைக்குப் போயிருவேன் கலை. எனக்குத் தெரியும். எனக்கு பயமா கீது."

விட்டுவிடுவேன், நிறுத்திவிடுவேன், சத்தியம் என்று எத்தனையோ கேட்டிருக்கிறாள். பயமாக இருக்கிறது என்று அவன் ஒருநாளும் சொன்னதில்லை. கையை நீட்டி அந்தத் தாடியைத் தொட்டுவிடுவோமோ என்று பயந்து, சாப்பாட்டுப் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நீ வந்துட்டின்னா கழட்டிருவேன்" என்றான். "நீ இருந்தா புடிச்சிப்ப."

"புடிச்சிகினுதான இருந்தேன் இத்தினி வருசம்?"

அவன் குனிந்து தரையைப் பார்த்தான். "அப்ப நான் இன்னா பண்றது?" கோபமே இல்லாமல், வழி தெரியாதவன் ரோட்டில் ஆளை நிறுத்திக் கேட்பதுபோல் கேட்டான்.

"தெரியலய்யா" என்றாள் அவள். "எனக்கு மெய்யாலுமே தெரியல."

பஸ் வந்தது. கூட்டம் அவளைத் தள்ளிக்கொண்டுபோய் உள்ளே ஏற்றியது. ஏறினாள் என்றும் சொல்லலாம். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. சிக்னல் விழாமல் பஸ் அங்கேயே உறுமிக்கொண்டு நின்றது. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய வயதான பூக்காரி ஒருத்தி, கூடையைக் கீழே வைத்துவிட்டு அவனை வியப்போடு பார்த்தாள். பிறகு சட்டென்று குனிந்து அவன் காலைத் தொட்டாள். எத்திராஜ் பதறிப் பின்னால் நகர்ந்தான். பூக்காரி விடவில்லை, நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றாள். அவன் தோள்பைக்குள் கையை விட்டுத் துழாவி, விபூதிப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். அவள் நெற்றிக்குக் கொண்டுபோன கை நடுங்கியது. பாதி விபூதி கூடையிலிருந்த கனகாம்பரத்தின் மேல் கொட்டியது. பூக்காரி கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். அவன் விரலை அவள் நெற்றியில் வைத்தபடியே நிமிர்ந்து, பஸ்ஸின் ஜன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தான்.